அழுக்கு போகாத கண்ணாடி

பூந்தொட்டிகள் வைத்த கண்ணாடி அறைக்கு வெளிப்பக்கமெல்லாம் பாசி. எதிர்ச் சுவரில் இரண்டு பிரஷ்கள் தொங்கின. வீட்டுக்காரர் தணிகாசலம் இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"இவ்வளவு மெத்துன்னு இருந்தா அழுக்கு எப்படிப் போகும்?" என்று முடி பிரஷைத் திரும்ப மாட்டிவிட்டு, கம்பி பிரஷை எடுத்தார்.

முடி பிரஷுக்கு உள்ளூர நிம்மதி. தேய்ந்துபோக அதற்கு விருப்பமில்லை.

தணிகாசலம் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். "பார்த்தியா, ஒரே இழுப்புல பாசி போச்சு!" என்றது கம்பி பிரஷ்.

"பாசி அப்பவே போயிடுச்சு. இப்ப நீ என்னைத்தான் சுரண்டுற," என்று கண்ணாடி முனகியது.

"நான் என்ன பண்ண? கை அவரோடது."

தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடி முழுக்கக் கீறல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. தணிகாசலம் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அட, இன்னும் அழுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கே!"

மறுபடி தேய்த்தார். இன்னும் வெளுத்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். சாயங்காலத்துக்குள் உள்ளே இருந்த ஒரு பூகூட வெளியே தெரியவில்லை.

"முடி பிரஷ், எதிரே நீ இருக்கியா? எனக்கு எதுவும் தெரியல," என்றது கண்ணாடி. "நாளைக்காவது நீ வர்றியா?"

ஒரு முடிகூட உதிராத பிரஷ் மூச்சுவிடவில்லை.