வட்டச் சில்லு

பழைய கூரையைப் பிரிப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வந்தவர், சிமென்ட் ஷீட்டின் உடைந்த மூலையில் முதலில் தண்ணீர் தெளித்தார். நனைந்த இடத்தில் நகக்கண் அளவு பெயர்த்து, இரண்டு கவர்களுக்குள் போட்டு ஒட்டினார். அதன் பிறகுதான் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

“கல்நார், அதான் ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கான்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாதும்மா, லேபுக்கு அனுப்பணும். அதுவரைக்கும் இருக்குன்னே வெச்சுக்குங்க. முழுசா இருந்தா பெருசா பயமில்ல. தேய்ச்சு, அந்தத் தூள் மூச்சுல போனாதான்...”

தமயந்தி சட்டென்று திரும்பினாள். கொல்லைப்பக்கம் சர் சர் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாண்டி ஆடச் சில்லு கேட்ட மகள் இனியாவுக்கு, அந்த மூலையிலிருந்து விழுந்த துண்டைக் காலையில் அவள்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள். தரையில் தேய்த்து ஓரத்தை வட்டமாக்கிக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். நடுநடுவே சத்தம் நின்றது. அப்போதெல்லாம் இனியா என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும்.

“உடைஞ்ச துண்டு எங்கம்மா?” என்றார் அவர்.

சத்தம் நின்றுவிட்டது. இனியா ஓடிவந்தாள். இமையிலும் உதட்டிலும் சாம்பல் நிறம்.

“அம்மா, எவ்ளோ வட்டம் பாரு!”

சில்லை வாயருகே உயர்த்தி, ஊதுவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.