சிவப்பு வயர்

ஐந்தாவது தடவையாகச் செருகினான்.

அடையாளம் தெரியாத சாதனம் என்றது லேப்டாப். நாலு தடவை சொன்னதையே, அதே மரியாதையோடு.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி அது. வீடியோ கேசட்டில் இருப்பதைக் கணினிக்குள் இறக்கித் தரும். வாங்கி இருபது வருஷமாகிறது. கூட வந்த சி.டி.யைப் போட இந்த லேப்டாப்பில் வாயே கிடையாது. பெட்டியைச் செய்த கம்பெனியும் இப்போது கிடையாது.

பக்கத்தில், கேசட்டை ஓட்டுவதற்குத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி வந்த டெக். அதற்குள் கேசட்.

நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்துக் கொடுத்த மெக்கானிக், ஒரு ஓட்டம் தாங்கும், இரண்டாவதுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அம்மாவின் வளைகாப்பு கேசட். அம்மா அசைவது உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான்.

அவன் பிறந்த ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

முகம் அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் இந்தக் கேசட்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். குரல்தான் தெரியாது. அவள் உதடு அசையும்; கேட்பது சினிமாப் பாட்டு. அந்தக் காலத்து வீடியோக்காரர்களுக்கு மனிதர்கள் பேசினால் ஆகாது. கல்யாணமோ காதுகுத்தோ, பாட்டைப் போட்டு மொத்தமாக மெழுகிவிடுவார்கள்.

அம்மா எப்படிப் பேசுவாள் என்று அப்பாவிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறான். பத்து வயதில் ஒரு முறை, கல்லூரி நாட்களில் ஒரு முறை. சாதாரணக் குரல்தான், சரியாக ஞாபகம் இல்லை என்பார். அப்புறம் எழுந்து ஏதாவது வேலை பார்க்கப் போய்விடுவார்.

இப்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கேசட் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. ஏமாறுவதென்றால் ஒருவன் ஏமாந்தால் போதும்.

இணையத்தில் ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தார்: டிரைவர் மென்பொருளைத் தேடி அலையாதீர்கள், விண்டோஸை விட்டு லினக்ஸில் செருகிப் பாருங்கள். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை எழுப்பினான்.

ஆறாவது தடவை.

பெட்டியின் நுனியில் பச்சை விளக்கு எரிந்தது.

சி.டி. கேட்கவில்லை. ஊர் பேர் கேட்கவில்லை. வா, உட்கார் என்றது.

டெக்கை ஓடவிட்டான்.

படம் கறுப்பு வெள்ளையில் வந்தது, மேலிருந்து கீழே உருண்டுகொண்டு. பெட்டி அமெரிக்க டி.வி.யின் கணக்கில் இருந்தது. ஒரு ஓட்டம்தான் என்ற நினைப்பில் அவசரமாக நம்மூர்க் கணக்குக்கு மாற்றினான்.

படம் நின்றது. வண்ணம் ஏறியது.

ரோஜாப்பூ ஒன்று சுற்றிச் சுற்றி வந்து, அதற்குள்ளிருந்து அம்மா வந்தாள்.

அரக்குப் பட்டு. இரண்டு கன்னத்திலும் சந்தனம். இருபத்து நாலு வயது. தன்னைவிடப் பத்து வயது சின்னவள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வயிற்றின் மேல் ஒரு கையை வைத்திருந்தாள். உள்ளே அவன்.

மூச்சுவிடப் பயமாக இருந்தது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

திரையின் ஓரத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் இரண்டு பச்சைக் கோடுகள். மேல் கோடு பாட்டுக்கு ஏற்றபடி துள்ளியது.

கீழ்க் கோடு பாட்டோடு சேரவில்லை. தன் இஷ்டத்துக்கு எழுந்து எழுந்து விழுந்தது.

அவன் வயர்களைப் பார்த்தான். மஞ்சள், படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. வீட்டிலிருந்த பழைய டி.வி.யில் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும்தான் துளை. மாட்ட இடமில்லாத சிவப்பை ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிப் பின்னால் தள்ளியிருந்தார்கள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். யாருக்கும் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

வெள்ளையைப் பிடுங்கினான்.

பாட்டு நின்றது.

வளையல் சத்தம். ஒரு குழந்தையின் அழுகை. தாம்பாளம் எங்கே என்று யாரோ ஒரு பெண் கத்துகிறாள். பாட்டைப் போட்டவர் வெள்ளையின் பக்கத்தைத்தான் மெழுகியிருக்கிறார். சிவப்பின் பக்கத்தை மறந்துவிட்டார். முப்பத்து நாலு வருஷமாக அத்தனை பேரும் அங்கே பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அவன் சத்தத்தைக் கூட்டினான்.

அம்மா பக்கவாட்டில், படத்துக்கு வெளியே நின்ற யாரையோ பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்."

லேசாகக் கரகரத்த குரல். கடைசியில் இழுக்கிற குரல். அவனும் அப்படித்தான் இழுத்துப் பேசுவான். அலுவலகத்தில் அதற்காகக் கேலி செய்வார்கள். அது எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் அவனுக்குத் தெரியாது.

யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. அன்றைய இரைச்சலில் கேட்டிருக்காது. அவள் இன்னொரு முறை அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு, வளையல் போட வந்தவளிடம் கையை நீட்டினாள்.

அவன் அழுதான். துக்கமும் சந்தோஷமும் எது எதுவென்று பிரிக்கத் தெரியாமல் அழுதான்.

பின்னால் காலடி கேட்டுத் திரும்பினான்.

அறை வாசலில் அப்பா. தோளில் பாதி மடித்த துண்டு. கையில் தம்ளர், விளிம்புவரை தண்ணீர்.

லேப்டாப்பை அவர் பார்க்கவில்லை. அறையைப் பார்த்தார். கட்டிலை, நாற்காலியை, கதவின் பின்பக்கத்தை.

"தண்ணி கேட்டாளே" என்றார்.