எதிர் வீட்டு ஆட்சேபம்

“யோசிச்சுக்குங்கக்கா. நாளைக்கு அவன் மொகத்துல முழிக்கணும்.”

மீனம்மா காரை விட்டு இறங்காமலே சொன்னாள். கலைமகள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“என் மொகத்துல முழிக்க அவன்தான் யோசிக்கணும். நீ எறங்கு.”

நகராண்மைக் கழக அலுவலகத்தில் அன்று ஒரு வீட்டைப் பற்றிய விசாரணை. பத்து பெரண்டாம் என்ற ஊரில், இவர்கள் குடியிருக்கும் தாமான் வீட்டு வரிசையின் மூலை வீடு அது. அதை ஹோம்ஸ்டேயாக்கி, வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட பெர்மிட் கேட்டிருந்தான் கிஷன். பெர்மிட் வருவதற்கு முன்பே ஆட்களை விடவும் தொடங்கிவிட்டான். பக்கத்து வீட்டாரும் எதிர் வீட்டாரும் ஒத்துக்கொண்டால்தான் பெர்மிட் கிடைக்கும். பக்கத்து வீடு தம்புசாமியுடையது. எதிர் வீடு மீனம்மாவுடையது. அதன் முன்னறையில்தான் கலைமகள் வாடகைக்கு இருந்தாள்.

சண்டை என்றாலே மீனம்மாவுக்குப் பயம். தம்புசாமிக்கோ வேறு சங்கடம். ஹோம்ஸ்டேயின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பதே அவர் மனைவிதான். மனுஷன் வாயைத் திறப்பாரா என்று கலைமகளுக்குச் சந்தேகம்.

கிஷன் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தான். இஸ்திரி கலையாத சட்டை. இவர்கள் உள்ளே வந்ததைக் கண்டும் காணாதவன் போல, அதிகாரி தேவிஸ்ரீயிடம் போனில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“எல்லாம் ஃபேமிலி கெஸ்ட்தான் மேடம். கேஎல், சிங்கப்பூர்லேருந்து வர்றவங்க. நம்ம ஏரியாவுக்கே நல்லது லா. வீடு என் பேர்ல இருக்கு. சும்மா கெடந்த வீடு, நான்தான் செலவு பண்ணி மாத்தினேன். இங்க பாருங்க, சாமி ரூம் இருந்த எடத்துல இன்னொரு பாத்ரூம்...”

“சும்மா கெடந்துச்சாமே!” என்று கலைமகள் பல்லைக் கடித்தாள். மீனம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள் தேவிஸ்ரீ.

தம்புசாமி எழுந்தார். கிஷனைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். “நம்ம கண்ணு முன்னால வளந்த புள்ள மேடம்... நான் என்னத்தச் சொல்றது?” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிஷன் லேசாகச் சிரித்தான்.

நிதானமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள் கலைமகள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நிதானம் பறந்துபோயிற்று.

“நான் சொல்றேன்மா. எதிர் வீட்டுல இருக்கேன். ஃபேமிலி கெஸ்ட்டாம்! சனிக்கிழமையானா கராவோக்கே. பாடுறாங்களா அடிச்சுக்கிறாங்களான்னே தெரியாது. லோங்காங் வாய்க்கா பூரா பீர் டின்னு அடைச்சுக்கிட்டு, மழை பெஞ்சா சாக்கடைத் தண்ணி இவ வீட்டு வாசல்ல நிக்குது. காரை எங்க கேட்டுக்கு முன்னால போட்டுட்டு ஜோங்கர் ஸ்ட்ரீட் பாக்கப் போயிர்றாங்க. அன்னிக்கு இவ வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டிப் போச்சு. எங்க காரை வெளிய எடுக்க முடியல. அந்த மனுசனைத் தூக்கிக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினோம்மா. போன் பண்ணிச் சொன்னா, ‘கெஸ்ட்ட டிஸ்டர்ப் பண்ணாதீங்க’ன்னு கட் பண்ணிட்டான்!”

மீனம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கிஷன் சட்டென்று எழுந்தான். “மேடம், இது பெர்சனல் கோவம். இவங்க அங்க வாடகைக்கு இருக்கறவங்க. ஓனர்கூட இல்ல. இவங்க பேச்சை எப்படி எடுத்துக்கலாம்?”

கலைமகள் அவன் பக்கம் திரும்பினாள். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு நின்றாள்.

“அங்க குடியிருக்காங்கள்ல, அது போதும்,” என்றாள் தேவிஸ்ரீ. “கஷ்டம் குடியிருக்கறவங்களுக்குத்தானே?”

அதற்குள் தம்புசாமி மறுபடியும் எழுந்துவிட்டார். “நானும் ஒத்துக்க மாட்டேன் மேடம். எம் பொண்டாட்டி துணி தொவைக்கிறது உண்மைதான். இனிமே வேற எடத்துல தொவைச்சுக்குவா. இந்தம்மா சொன்னது அத்தனையும் நெசம்.”

“நானும்தான்!” என்று மீனம்மா கத்தியே விட்டாள். நாற்காலியை விட்டு எழுந்தும் விட்டாள்.

தேவிஸ்ரீ உள்ளே போய்ப் பெரிய அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தாள். “மிஸ்டர் கிஷன், உங்களுக்குப் பெர்மிட் கெடையாது. இணையத்துல போட்ட விளம்பரத்தை இன்னிக்கே எடுத்துருங்க. அந்த வீட்டுல இனிமே யாராவது குடியிருக்கலாம், அவ்வளவுதான். நாள் வாடகைக்கு விட்டா அபராதம்.”

படியிறங்கும்போது கலைமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. “வாங்க, எல்லாரும் தே தாரேக் குடிக்கலாம், நான் வாங்கித் தர்றேன்!” என்றார் தம்புசாமி. மீனம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

கார் நிறுத்தும் இடத்தில் கிஷன் வழிமறித்தான்.

“இப்பத் திருப்தியா? வீட்டைப் பூட்டித்தான் போடணும்.”

“ஏன் பூட்டணும்? குடியிருக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே, காதுல விழலையா?” கலைமகள் கையை நீட்டினாள். “சாவியக் குடு.”

கிஷன் நகராமல் நின்றான். அவளுக்குப் பின்னால் தம்புசாமியும் மீனம்மாவும் வந்து நின்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

சாவியோடு கையை இறுக மூடிக்கொண்டு கலைமகள் சொன்னாள்: “பெயிண்ட் அடிக்கணும், ரெண்டு வாரம் மட்டும் மீனம்மா வீட்டுல இரும்மான்னு சொல்லித்தானே பெத்த தாய வெளிய அனுப்பின? பெயிண்ட் காஞ்சு ஒரு வருஷமாச்சுடா மகனே!”