பொட்டு வைத்த இடம்

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர் அசையவில்லை.

ஹாலின் நடுவில் நிற்கிறார். இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பித்தளைப் பீரங்கிக் குண்டு. மூன்று மாதக் குழந்தையின் கனம். அதற்குச் சாமந்தி மாலை வேறு.

ஐந்து நிமிடம் முன்புவரை இந்த ஹால் அருங்காட்சியகம். ஆயுதபூஜைக்குக் காலனியே வந்திருந்தது.

சுவரில் பதினேழு பதக்கங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சிப்பாயின் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். எதிலும் அவர் பெயர் இல்லை. இருபத்தெட்டு வருடம் அவர் காத்தது கூட்டுறவுச் சங்கத்தின் உரக்கிடங்கை.

காலனியில் அவரைக் கர்னல் என்பார்கள். அந்தப் பதவியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரும் யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை.

குண்டு எப்போதும் மரத்தொட்டிலில் படுத்திருக்கும், வட்டமான அடிப்பாகம் வருகிறவர்களைப் பார்த்தபடி. அதன் நடுவில் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம். பதினோரு வருடமாக அதே இடத்தில்.

கற்பூரம் காட்டியதும் அந்தப் பொட்டின்மேல் வெண்கலக் கரண்டியால் மூன்று தட்டு.

வெற்றி முழக்கம் என்று பெயர். அவரே வைத்த பெயர்.

இந்த வருடம் முழக்கத்துக்கு முன்னால் குண்டைத் தூக்கிவிட்டார். மூன்றாம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த தணிகாசலத்துக்கு அதன் கனத்தைக் காட்ட வேண்டியிருந்தது. தணிகாசலம் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதையும் கேட்ட பிறகுதான் சொன்னார்.

தணிகாசலம் கனத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் பொட்டை அழித்தார். குனிந்தார். நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது.

"சுட்ட குண்டுன்னா இந்த நடுவுல வெடிக்கவைக்கிற ஊசி குத்துன பள்ளம் இருக்கணும் சார். இதுல இல்லியே."

மழமழவென்று இருந்தது.

காலி உறை என்றுதான் பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னார். கூரான மூக்கைப் பிறகு பொருத்தியதாம். இவரும் சும்மா வாங்கிவிடவில்லை. காதருகே வைத்துத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்.

தேங்காய்க்கு அது போதும்.

தணிகாசலம் சத்தம் போடவில்லை. செருப்பைக்கூடத் தேடவிடாமல் எல்லாரையும் வெளியே அனுப்பினார். மனைவி மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்பவே உருக்கி ரெண்டு குத்துவிளக்கு பண்ணுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"போலீஸுக்குச் சொல்லியாச்சு சார். மாடி வீட்டு ஆளுங்கள இறக்கிட்டு, அங்கேருந்தே ஒரு மெத்தை எடுத்தாறேன். அதுல வெச்சிட்டு வெளிய போயிடலாம். அதுவரைக்கும் மூச்சு மட்டும் விடுங்க" என்றார் தணிகாசலம்.

கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"அன்னிக்கு வாங்குனதுல வேற ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஜோடியாகத்தான் வாங்கினார். இன்னொன்று திருப்பூரில் இருக்கிறது. மகள் சுகந்தியின் சீர்வரிசையில் வெள்ளிக் குடத்துக்கு அடுத்த தட்டில் போனது. சம்பந்தியின் பனியன் கம்பெனிக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அதுதான். கர்னல் சம்பந்தி கொடுத்தது என்று அவர் சொல்வதை இவரே இரண்டு முறை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

"இல்லை" என்றார்.

கை காலியானதும் சுகந்திக்கு மட்டும் மெதுவாகச் சொல்லிவிடலாம். சம்பந்தி காதுக்குப் போக வேண்டியதில்லை.

காலடிச் சத்தம் மாடிப்படியில் ஏறிப் போனது.

எதிரே மேசைமேல் அவருடைய போன் நிமிர்ந்து நின்றது. சற்று முன் அவரே நிறுத்தி வைத்தது. வருடா வருடம் பூஜை முடிந்ததும் சுகந்தி வீடியோவில் வருவாள். இங்கே மூன்று தட்டு. அங்கே மூன்று தட்டு. கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

போன் ஒலித்தது.

மூன்றடி தூரம்.

இரண்டு கைகளும் நிறைந்திருந்தன.

தணிகாசலத்தைக் கூப்பிட வாயைத் திறந்தார். குடியரசு தினத்தன்று கொடிக்கம்பத்தடியில் நின்று நாலு தெருவையும் விறைத்து நிற்கவைக்கிற குரல் அது.

காற்றுதான் வந்தது.

மணி நின்றது.

போன வருடமும் லைன் கிடைக்கவில்லை. அப்போது அவள் என்ன செய்தாள் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. அவளே தட்டினாள். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாள்.

திரையில் ஒரு படம் வந்து விழுந்தது. தையல் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம். பொரிப் பொட்டலத்தோடு முப்பது நாற்பது பெண்கள், நெருக்கியடித்து, சிரித்துக்கொண்டு. அவர்களுக்கு நடுவில் மாலையோடு அது.

பொட்டு, வட்டம் பிசகாமல், சரியாக நடுவில்.

"ரெண்டே நிமிஷம் சார்!" மாடியிலிருந்து தணிகாசலத்தின் குரல். "ஆடாம நில்லுங்க!"

படத்துக்கு மேலே, சுகந்தியின் பெயருக்கு அடியில், பச்சை எழுத்தில் ஒரு வரி தோன்றியது.

குரல் பதிவாகிறது…

அவர் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார்.