மூன்று சொட்டு

அந்தப் பழைய நகரத்தின் மதுக்கடைகளில் விதவிதமான கிராஃப்ட் பீர்களைச் சுவைத்துப் பார்க்கவென்றே நானும் மாசிலாமணியும் ஒரு பகலை ஒதுக்கியிருந்தோம். எங்கே குடித்தாலும் அவன் முதலில் கோப்பைக்குள் விரலை நனைத்து, மூன்று சொட்டுகளைத் தரையில் தெளிப்பான். “போய்ச் சேர்ந்தவங்களுக்கு மச்சான். அவங்களுக்குக் குடுக்காம நமக்கு எப்படி இறங்கும்?” முதல் கடையின் கல்தரையில் அந்தச் சொட்டுகள் நாங்கள் எழுந்து போகும்வரை மினுங்கிக்கொண்டு கிடந்தன. இரண்டாவது கடையில் சீக்கிரமே காய்ந்துவிட்டன. மூன்றாவதில் விழுந்த கணமே காணாமல் போயின. நான்காவது கடை படியிறங்கிப் போகும் ஒரு நிலவறை. “இங்க வேண்டாம்டா,” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே தெளித்தான். கல்லுக்கு அடியில், குழந்தை பால் குடிப்பதுபோல, உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் அவனுடைய ஈரவிரலைப் பார்த்தாள். எத்தனை கடைகளில் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அவன் பெருமையாக நான்கு விரல்களைக் காட்டினான். அவள் சட்டென்று பீர் ஊற்றும் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சுற்றிலும் பேச்சு நின்றது. ஒவ்வொரு மேசையிலும் ஆட்கள் ஓசையில்லாமல் கால்களைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். நானும் பதறித் தூக்கிக்கொண்டேன். “நீயும் தூக்குடா, சீக்கிரம்!” மாசிலாமணி குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். “நல்லா ஏறிடுச்சு போல மச்சான். காலு வரமாட்டேங்குது.”