திங்கட்கிழமை போன்

"டேரில், கணக்கு வகுப்புக்கு நீ வந்து மூணு வாரமாச்சு. எங்கப்பா போயிட்ட?"

மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரி அது. பாதியில் நின்றுபோன மாணவர்களைத் திங்கட்கிழமைதோறும் போனில் கூப்பிட்டு, பேசிப் பேசி இழுத்து வருவது வெர்னெட்டாவின் வேலை. அந்தப் பருவத்தில் நின்றவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் கைவிரித்துவிட்டார்கள். மிச்சம் இந்த டேரில்தான்.

"மீன் ஆலையில வேலை, மேடம்," என்றது கரகரத்த குரல். "விடியக்காலைல போனா சாயங்காலம்தான் வீடு."

"அதுக்குத்தான் மாலை வகுப்பு இருக்கு."

"கார் படுத்துடுச்சு."

"காலேஜ் வண்டி ஆலை வாசல்லயே வந்து நிக்குது. அடுத்த சாக்கைச் சொல்லு."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "எனக்கெல்லாம் படிப்பு மண்டையில ஏறுமா, மேடம்?"

"பத்தொன்பது வயசுல ஏறாம வேற எப்ப ஏறும்?"

அதற்கும் சிரிப்புதான்.

அவள் விடவில்லை. ஐந்தாவது திங்கட்கிழமை குரல் இறங்கி வந்தது. "சரி, நாளைக்கு வரேன். பேர் பதிய யாரைப் பார்க்கணும்?"

வெர்னெட்டா அன்றைக்கு ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்துக் கொண்டாள். ஆனால் வருகைப் பட்டியலில் டேரில் வந்ததாகப் பதிவே இல்லை. அந்த வாரக் கடைசியில் அவன் பெயரையே அடித்துவிட்டார்கள். அடித்த பெயரைக் கூப்பிடக்கூடாது என்பது ஆபீஸ் விதி. கடைசி ஆளும் போய்விட்டானே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்துப் பட்டமளிப்பு விழா. வாசலில் நின்று மாணவர்களின் அங்கிகளைச் சரிசெய்து கொண்டிருந்தாள் வெர்னெட்டா.

"மேடம், தொப்பிக் குஞ்சம் வலப்பக்கமா, இடப்பக்கமா?"

அந்தக் குரல்! நிமிர்ந்து பார்த்தாள். நரைத்த தாடி, நாற்பத்தைந்து வயதிருக்கும். பின்னால் அவர் மனைவியும் இரண்டு பெண்களும் பூங்கொத்தோடு நின்றார்கள்.

"டேரில்...?"

"கணக்குல தொண்ணூத்திரெண்டு வாங்கிட்டேன், மேடம்," என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஆனா நான் டேரில் இல்ல, ஓடெல். புது போன் வாங்கினப்ப அந்தப் பையனோட பழைய நம்பர் எனக்கு வந்துடுச்சு. ராங் நம்பர்னு சொல்லியிருந்தா அடுத்த திங்கட்கிழமை நீங்க கூப்பிட்டிருக்க மாட்டீங்களே?"