பத்து நாள் டின்

குழந்தை பிறந்த இரண்டாம் நாள், பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் கட்டிலோரம் ஒரு பால் பவுடர் டின்னை வைத்தார். "இலவசம்மா. கம்பெனி அன்பளிப்பு."

"முதல்ல அதை எடுங்க சிஸ்டர்!" என்று பாய்ந்தான் கணவன்.

"சும்மா குடுக்கிறதை ஏங்க விரட்டுறீங்க?" என்றாள் மனைவி. "எனக்குப் பால் போதலையோன்னு பயமா இருக்கு."

"அந்தப் பயம்தான் அவங்க முதலீடு. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இந்த டின் சரியா பத்து நாள் வரும். அதுக்குள்ள உனக்குப் பால் குறைஞ்சிடும். பதினோராம் நாள் நாம கடை வாசல்ல நிப்போம். என்ன மூளை பார்த்தியா!" விளக்கும்போது அவன் கண்கள் மின்னின.

நர்ஸ் அவனை உற்றுப் பார்த்தார். "சார், அம்மாக்கள் பயப்படுற நேரமாப் பார்த்து டின்னைக் குடுக்கணும்னு போன மாசம் உங்க கம்பெனிக் கூட்டத்துல எங்களுக்குப் படம் போட்டு விளக்கினது நீங்கதானே?"

அவன் அசடு வழிந்தான். "நல்லாத்தான் விளக்கியிருக்கேன் போல. மறக்காம செய்றீங்க."

நர்ஸ் டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அப்ப மத்த ஒன்பது கட்டிலுக்கும் குடுக்கவா, வேண்டாமா சார்?"

"அது... மேலிடத்துல கேட்டுத்தான் சொல்லணும்."

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். "மேலிடம்தான் சொல்றேன் சிஸ்டர். ஒரு கட்டிலுக்கும் வேண்டாம்."